அண்ணனின் வலது கை வெளிச்சம்

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் புற்றைப் படத்தில் காட்டிக்கொடுக்கும் நுண்துகள்களைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். காட்டிக்கொடுத்தது எல்லாம் எலிகளின் புற்றை மட்டும்தான். அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் சொந்தக்காரர்களுக்கு டாக்டர் என்றால் டாக்டர். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் என்னிடம் கல்யாண வீடுகளில் வந்து நாக்கை நீட்டிக் காட்டியவர்கள் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "வெள்ளம் நிறைய குடியுங்க" என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் சாகவில்லை.

துகள் என்றால் இரும்பு ஆக்சைடு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. புற்றுச் செல்லை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை அதன் மேல் ஏற்றுவோம். ஊசி வழியாக ரத்தத்தில் விட்டால் துகள்கள் கட்டியைத் தேடிப் போய்க் கூட்டமாகச் சேரும். தனியாக மிதக்கும் துகளுக்கும் கூடி நிற்கும் துகளுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் வித்தியாசம் தெரியும். கூட்டம் கூடிய இடத்தில் கட்டி இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு பயோசென்சர் என்று பெயர். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! உண்மையில் ஏற்றியதில் பெரும்பங்கு நேரே போய் ஈரலில் உட்கார்ந்துவிடும். கல்யாணத்துக்கு வந்தவர்களில் தாலி கட்டுவதைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர், நேராகப் பந்திக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் துகள்கள் நம்ம ஊர்க்காரர்கள். கட்டுரையில் இதை "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதுவது வழக்கம். நான் நான்கு கட்டுரைகளில் அப்படி எழுதியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மேதை ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்போது அண்ணனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது.

அண்ணன் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத் தொழிலாளி. பால்வெட்டு, அதாவது மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கும் வேலை. இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருந்ததை நான்கு மாதம் துண்டைப் போட்டு மறைத்து வைத்திருந்தான். அந்த நான்கு மாதத்தில் இரண்டு முறை அவனுக்கு எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டிருக்கிறேன். கவனிக்கவில்லை. நானோமீட்டரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நெல்லிக்காய் எல்லாம் ரொம்பப் பெரிசு. கடைசியில் கண்டுபிடித்தது அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் மைனி என்போம். மைனி எட்டாம் வகுப்போடு நின்றவள். துண்டை இழுத்துப் பார்த்தாள், கண்டுபிடித்துவிட்டாள். மேலும் ஆய்வு தேவைப்படவில்லை.

கட்டியில் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். நிணநீர்ச் சுரப்பியில் புற்று. "இனி ஒரே ஒரு கேள்விதான்" என்றார் நாகர்கோவில் டாக்டர். கழுத்துப் பக்கத்தோடு நிற்கிறதா, உடம்பெல்லாம் பரவிவிட்டதா? நின்றிருந்தால் மருந்துக்குக் கேட்கும். பரவியிருந்தால் பெரும்பாடு. அதைத் தெரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்தில் போய் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பெட் ஸ்கேனில் என் துகள்களுக்கு வேலை இல்லை. அங்கே சர்க்கரைதான் ஒற்றன். லேசான கதிர்வீச்சு உள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுச் செல்லுக்குப் பசி அதிகம், மற்ற செல்களை முந்திக்கொண்டு அள்ளும். அள்ளிய இடம் படத்தில் எரியும். இதை அண்ணனுக்குப் போனில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். செல் என்றேன், குளுக்கோஸ் என்றேன், என் எலிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ம், ம் என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "அப்ப காலையில சோறு தின்னப்பிடாது, அதானே?" என்றான். முக்கால் மணி நேரத்தின் சாரம் அவ்வளவுதான்.

ஸ்கேன் சென்டரில் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மலையாளம். குடும்பத்தின் அறிவுஜீவி என்ற முறையில் மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னுடையது.

"முந்தின நாள் எக்சர்சைஸ் ஒண்ணும் செய்யப்பிடாதுண்ணா."

"எக்சர்சைஸா? நானா?" அவன் சிரித்தான். "ஏட்டி, நான் எண்ணைக்கு எக்சர்சைஸ் செஞ்சிருக்கேன்?"

நானும் சேர்ந்து சிரித்தேன். தாளில் அந்த வரிக்கு நேரே ஒரு டிக் போட்டேன்.

குறித்த நாளில் நானும் மைனியும் அவனை வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல் படுக்க வைத்தார்கள். பிறகு ஸ்கேன். ரிப்போர்ட் மூன்று நாளில் கிடைக்கும் என்று சொல்லி ஒரு சி.டி.யை மட்டும் கையில் கொடுத்தார்கள். சாதாரண ஜனங்கள் அந்த சி.டி.யை பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அவர்கள் புண்ணியவான்கள். என்னிடம் கல்லூரியில் கொடுத்த பழைய லேப்டாப் இருந்தது, சி.டி. போடும் வசதியோடு. அண்ணனும் மைனியும் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் காரில் உட்கார்ந்து படத்தைத் திறந்தேன்.

கழுத்து எரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வலது தோளும் எரிந்தது. வலது கை முழங்கை தாண்டியும் எரிந்தது. நெஞ்சின் வலப்பக்கம், முதுகின் மேல்பாகம், இடது தோளில் கொஞ்சம். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் சீரியல் பல்பு போட்ட மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான எலிப் படங்களைப் பார்த்த அனுபவத்தில், ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். பரவியாச்சு. அண்ணன் பிழைக்க மாட்டான்.

அவன் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து காரில் ஏறினான். மடியிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தான்.

"என்னட்டி தெரியுது?"

"ஒண்ணும் இல்லண்ணா. ரிப்போர்ட் வரட்டு."

அதற்குப் பிறகு மார்த்தாண்டம் வரும்வரை ஜன்னல் வழியாக நகைக்கடை விளம்பரங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். நகை வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவன் பக்கம் திரும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

கீரிப்பாறையில் அவர்களை இறக்கிவிட்டபோது மைனியை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். "மைனி, யாரிட்டயும் சொல்லாதீங்க." யாரிடமும் சொல்லாதே என்பது எங்கள் குடும்பத்தில் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவது போல. ஒட்டினால்தான் போய்ச் சேரும். மைனி உண்மையிலேயே யாரிடமும் சொல்லவில்லை, அருமனையில் இருக்கும் அவள் அக்காவைத் தவிர. அக்காவும் ஒருத்தரிடம்தான் சொல்லியிருப்பாள். மறுநாள் மத்தியானத்துக்குள் செய்தி முட்டத்துக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. என் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றாவது இந்த வேகத்தில் பரவியிருந்தால் நான் இப்போது வெளிநாட்டில் இருந்திருப்பேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அருமனை அக்கா ஒரு நாட்டுக்கோழியோடு வந்தாள். யார் யாரோ ஆப்பிளோடும் ஆரஞ்சோடும் வந்தார்கள். முட்டத்து மாமா ஒரு முழு நெய்மீனை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, "சும்மா இந்த வழியாட்டு வந்தோம்" என்றே சொன்னார்களாம். அண்ணன் முதல் ஐந்தாறு பேருக்குப் பொறுத்திருக்கிறான். மாமாவிடம் கேட்டே விட்டான். "மாமா, கீரிப்பாறையோட பஸ் திரும்பிரும். இதுக்கு மேல காடுதான். இந்த வழியா நீங்க எங்க போறீய?" மாமா பதில் சொல்லாமல் நெய்மீனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அதன் நீளத்தைக் காட்டினாராம்.

சபையிலிருந்து பெண்கள் ஜெபக்குழுவும் வந்தது. அதன் தலைவி நல்ல மனுஷி, ஆனால் ஜெபத்தில் ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணனின் தலையில் கையை வைத்துக்கொண்டு, விதவைகளுக்குத் துணையாக நிற்கிறவரே, தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தாங்குகிறவரே என்று உருகிவிட்டார். மைனி கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாளாம். அண்ணனும் ஆமென் சொன்னானாம்.

இதெல்லாம் மைனி போனில் சொல்லித் தெரிந்துகொண்டவை. நான் போகவில்லை. கல்லூரியில் தேர்வு வேலை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை. தேர்வு வேலை எப்போதும் இருக்கும். அவன் இரண்டு முறை கூப்பிட்டான். நான் போனை எடுக்காமல், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மைனிக்கு மெசேஜ் அனுப்பினேன். எனக்குப் பயமாக இருந்தது. அவன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், உடைந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்றும் நினைத்துக்கொண்டேன். கோழையாக இருப்பதற்கு இவ்வளவு நல்ல காரணம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மூன்றாம் நாள் ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. டாக்டர் நேரில் பார்க்க வேண்டுமாம், பேஷன்டையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். சாதாரண ரிப்போர்ட் என்றால் கவரில் போட்டுக் கொடுப்பார்கள், நேரில் கூப்பிடுகிறார்கள் என்றால் முடிந்தது. மறுபடியும் மூன்று பேரும் காரில் போனோம்.

படம் பார்க்கும் டாக்டர் ஒரு மலையாளி அம்மா. நான் நுழைந்ததுமே நானும் ஒரு விதத்தில் இந்தத் துறைதான் என்று தொடங்கினேன். அவர் தலையாட்டிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனுடைய வலது உள்ளங்கையைத் திருப்பி, காய்த்துப் போயிருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஸ்கேனுக்கு முந்தின நாள் என்ன ஜோலி செய்தீங்க?"

"பால் வெட்டுனேன் டாக்டர்."

"எத்தனை மரம்?"

"எனக்க பிளாக்குல முந்நூறு. பொறவு பக்கத்துப் பிளாக்குல ஒரு முந்நூறு."

தோட்டத்தில் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நாளைக்கு நான் லீவு என்றால் என் மரங்களை நீ வெட்டு, அதற்குப் பதிலாக இன்றைக்கு உன் மரங்களையும் சேர்த்து நான் வெட்டிவிடுகிறேன், நீ வீட்டில் இரு. அப்படி, ஸ்கேனுக்கு லீவு எடுப்பதற்காக அண்ணன் முந்தின நாள் இரண்டு ஆள் வேலையைச் செய்திருக்கிறான். அறுநூறு மரத்திலும் கத்தியை இழுத்து, பாலை எடுத்து, வாளிகளைத் தூக்கிச் சரிவில் இறக்கியிருக்கிறான்.

"எக்சர்சைஸ் செய்யக்கூடாதுன்னு தாளில் உண்டல்லோ?" என்றார் டாக்டரம்மா.

"எக்சர்சைஸ் ஒண்ணும் செய்யல்ல டாக்டர். சத்தியமாட்டு. வேலைதான் செஞ்சேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். ஓய்வில்லாமல் உழைத்த தசை மறுநாளும் பசியோடு இருக்கும். ஊசியில் ஏற்றிய சர்க்கரையில் பெரும்பங்கை அண்ணனின் கையும் தோளும் முதுகும் தின்றுவிட்டன. படத்தில் அங்கே எரிவது நோய் இல்லை, உழைப்பு. ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் அக்குளிலோ நெஞ்சிலோ உண்மையான கட்டி ஒளிந்திருந்தால் தெரியாது. அதனால் பரவியிருக்கிறதா இல்லையா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வாரம் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டுத் திரும்ப வர வேண்டும்.

உழைத்த தசை பெட் ஸ்கேனில் எரியும் என்பது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பயோமெடிக்கல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. உதாரணத்துக்கு ஜிம்முக்குப் போகிறவரைச் சொல்வேன். மலைச்சரிவில் மரம் மரமாக ஏறி இறங்குகிற ஒருவனைச் சொன்னதில்லை. அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் தோன்றவில்லை.

வெளியே வந்து மைனியைத் தனியே கூப்பிட்டு, நான் படத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டேன், பரவியிருப்பது நிச்சயமில்லை என்று சொன்னேன்.

"அப்ப அந்த நெய்மீனு?" என்றாள்.

அந்த ஒரு வாரம் என் மொழிபெயர்ப்பு மிகவும் விளக்கமாக இருந்தது. கத்தியைத் தொடக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, விறகு கீறக்கூடாது, தேங்காய் உரிக்கக்கூடாது, கிணற்றில் வெள்ளம் கோரக்கூடாது என்று தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப மூச்சு விடலாமா?" என்று கேட்டான். ஆனால் அதற்குமேல் அவன் என்னோடு பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். ஓய்வில் இருப்பதால் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களைப் படிப்பதிலும் நான் அப்படித்தான்.

இரண்டாவது ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. சி.டி. கொடுத்தார்கள். வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். டாக்டரம்மா இரக்கப்பட்டு அன்றைக்கே பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தெரிந்த வேதியியல் ஒன்றும் அந்த நாற்காலியில் உதவவில்லை. மைனியைப் போல நானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன்.

கழுத்திலும் மேல் நெஞ்சிலும் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, இரண்டாம் கட்டம்தான். கையும் தோளும் சாதுவாகக் கிடந்தன. ஆறு தவணை மருந்து ஏற்ற வேண்டும், இந்த வகைக்குப் பொதுவாக மருந்து கேட்கும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் கும்பிட்டான்.

மைனி மருந்துச் சீட்டோடு கவுண்டரில் நின்றாள். நானும் அண்ணனும் எதிரே இருந்த கடையில் சாயா வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு உற்சாகம் பொங்கியது. இரண்டாம் கட்டம் என்றால் என்ன, நிணநீர்ச் சுரப்பிகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மக்கா, அண்ணைக்குக் கார்ல நீ படத்தப் பாத்தியே. நான் சாவேன்னுதானே நெனச்சே?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கு அப்பவே தெரியும். உனக்க மூஞ்சி அப்படி இருந்துது. பொறவு ஊரெல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு. வந்தவங்க எல்லாரும் எனக்க மூஞ்சிய மட்டும்தான் பாத்தாவ. ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லணுமே. சரி, அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. நீ படிச்சவ. நீ வருவேன்னு இருந்தேன். ரெண்டு மட்டம் போன் செஞ்சேன். நீ எடுக்கல்ல."

"பயமா இருந்துதுண்ணா."

"எனக்கும்தான் பயமாட்டு இருந்துது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. பயப்படுவான் என்று நினைத்ததும் இல்லை. அவன் கழுத்தை, தோளை, கையை எல்லாம் படத்தில் பார்த்தேன். அவன் தனியாகக் கிடந்து பயந்த மூன்று நாளில் நான் ஒரு தடவை போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை.

"இப்பச் சொல்லு" என்றான். "இந்த மருந்துல நான் பிழைப்பேனா?"

ஒன்றும் ஆகாதுண்ணா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"தெரியாதுண்ணா. கேக்கும்னுதான் டாக்டர் சொல்லுதாங்க. கேக்காம போகவும் செய்யலாம். எனக்குத் தெரியாது."

அவன் மூச்சை இழுத்து விட்டான். கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"இத அண்ணைக்கே வந்து சொல்லியிருந்தியன்னா, நாம ரெண்டு பேருமாட்டு சேந்து பயந்திருக்கலாம்லா" என்றான்.